பெருமாள் கேட்ட ஜப்பான் பாட்டு

ஜப்பான்காரர்கள் என் மெட்டைத் திருடிவிட்டார்கள் என்று ஒரு காலத்தில் நம்பினேன். ஒருவர் இருவர் அல்ல, அந்த நாடே சேர்ந்து திருடியதாக. டிரான்சிஸ்டர் செய்கிறவர்கள், கேமரா செய்கிறவர்கள், கப்பல் கட்டுகிறவர்கள். அவர்களுக்குப் பாட்டுப் பஞ்சம் வந்து, காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுத் தெருவுக்கு ஆள் அனுப்பி, தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த என்னிடமிருந்து ஒரு மெட்டைக் கவர்ந்துகொண்டு போய்விட்டார்கள் என்று. அந்த நம்பிக்கையில் நான் தெருவில் நடந்த நடை இன்னும் நினைவிருக்கிறது. மார்பு முன்னால் போகும், நான் பின்னால் போவேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. எனக்குக் கல்யாண வயது. அப்பாவுக்கு வீட்டில் இரண்டு தறி, ஒன்றில் அவர், இன்னொன்றில் நான். நெசவு போக எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஆர்மோனியம். பாடவும் செய்வேன் என்று நான் சொல்லிக்கொள்வேன்; வேறு யாரும் சொன்னதில்லை. நான் பாட ஆரம்பித்தால் அம்மா கதவைச் சாத்துவாள், பூனை பால் குடிக்க வந்துவிட்டது என்று காரணம் சொல்வாள். எங்கள் வீட்டில் பால் இருந்ததும் இல்லை, பூனை வந்ததும் இல்லை.

மார்கழி முழுக்க எங்கள் தெருவில் விடியற்காலை பஜனை உண்டு. குளித்து நாமம் போட்டுக்கொண்டு, பெருமாள் படத்தைச் சகடையில் வைத்துத் தள்ளிக்கொண்டு, நாலு தெருவைச் சுற்றி வருவோம். ஆர்மோனியத்தை இரண்டு தோளிலும் துண்டு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நான் முன்னால் நடப்பேன். கோஷ்டிக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். எங்களுக்குத் தூரத்து உறவு, மாமா முறை. மூன்று தறி ஓட்டினார். கட்டையான ஆள், நெட்டையான கோபம்.

அந்தக் கோபத்துக்கு ஒரே ஒரு விஷயம்தான் தீனி: சினிமா மெட்டு. அப்போது ஊரில் பாதிப் பஜனை சினிமா மெட்டில்தான் நடந்தது. காதலியை வர்ணித்த மெட்டில் கண்ணனை வர்ணித்துவிடுவார்கள். ‘நிலவே’ என்ற இடத்தில் ‘நாராயணா’ போட்டால் முடிந்தது. எங்கள் தலைவர் அதை விடமாட்டார். புதுப் பாட்டு யார் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி, மெட்டு எங்கேயிருந்து வந்தது என்பதுதான். ஒரு மார்கழியில் எங்கள் கோஷ்டியில் ஜால்ரா போடுகிற ஒருவன் ஒரு பாட்டு கொண்டுவந்தான். பாடிக்கொண்டே பாதித் தெரு போய்விட்டோம். டீக்கடை வாசலில் நின்றிருந்த ஒருவர் கூடவே சேர்ந்து பாடினார், ஆனால் இந்தியில். தலைவர் சகடையை நிறுத்தினார். ஜால்ராவைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அவன் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போனான், மறுபடி கோஷ்டிக்கு வரவில்லை.

இதில் எனக்குத் திகில் தந்த பகுதி ஜால்ரா அல்ல. அவனுடைய அண்ணன் வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அண்ணனுக்குத் தலைவர் தன் ஒரே பெண்ணைக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஜால்ரா பறிபோன அதே மாதத்தில் அந்தச் சம்பந்தமும் நின்றுபோனது. தம்பி பாடிய மெட்டுக்கு அண்ணன் கல்யாணம் போனது என்று தெருவே பேசிக்கொண்டது. நானும் பேசினேன். கொஞ்சம் சந்தோஷமாகவே பேசினேன். ஏனென்றால் அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது.

அவள் வாசலை ஒட்டிய கூடத்தில் உட்கார்ந்து ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். சேலைக்குக் குறுக்கே ஓடுகிற ஊடைப் பட்டு நூலைச் சின்னக் குழலில் ஏற்றுகிற வேலை அது. நான் அந்தப் பக்கம் போகும்போது ராட்டினம் ஒரு சுற்று மெதுவாகும். மெதுவாவதாக நான் நினைத்துக்கொள்வேன். நூல் அறுந்துகூட மெதுவாகியிருக்கலாம்.

இனி என் மெட்டுக்கு வருகிறேன். ஐப்பசியில், மழை இல்லாத ஒரு விடியற்காலை, தெருவில் பாவு நீட்டியிருந்தோம். பட்டுச்சேலைக்கு நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன்னால் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, சிக்கு எடுத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். வீட்டுக்குள் அத்தனை நீளத்துக்கு இடம் ஏது? தெருவில் வளைவு இல்லாத இடம் ஜவுளிக்காரரின் மாடி வீட்டுக்கு முன்னால்தான். எல்லாருடைய பாவும் அங்கேதான் நீளும். இழை இழையாக ஒதுக்கிக்கொண்டே போகிற வேலையில் கை ஓடும், கண் ஓடும், மனசு சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடந்த மனசுக்குள் ஒரு மெட்டு வந்தது. ஏறி, நின்று, கொஞ்சம் யோசித்து, இறங்கியது. நான் இதுவரை எங்கும் கேட்டிராத மெட்டு. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். நான் ஆர்மோனியத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, ‘கருடன் மேலே வருகிறாய், கண்ணெதிரே நிற்கிறாய்’ என்று வரிகள் எழுதினேன். வரிகள் சுமார்தான். மெட்டு தூக்கிக்கொண்டு போனது.

தலைவரிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“மெட்டு எங்கேர்ந்து வந்துது?”

“தானா வந்துது மாமா.”

“தானா வர்றதுக்கு அது இன்னா மழையாடா?”

மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடியும். சுத்தமான மோகனம் என்றார். அப்படியும் நம்பிக்கை வராமல், டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கிழிக்கிற ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார். தமிழ், தெலுங்கு, இந்தி என்று எந்தப் படத்தில் எந்தப் பாட்டு, அதற்கு எந்த இடத்தில் ஜனங்கள் சோடா குடிக்க எழுந்து போவார்கள் என்பதுவரை அறிந்தவர் அவர். என் பாட்டை முழுதும் கேட்டுவிட்டு, இது எந்தப் படத்திலும் இல்லை, வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன் என்றார். தலைவர் சத்தியம் வாங்கிக்கொண்டார். கற்பூரம் மட்டும் ஏற்றவில்லை.

மார்கழியில் அந்தப் பாட்டு போட்ட போடு! மற்றத் தெரு கோஷ்டிகள் எங்கள் பின்னால் வந்து கேட்டுவிட்டுப் போயின. ஏனாத்தூரிலிருந்து பால் கொண்டுவருகிறவர் சைக்கிளை நிறுத்தி முழுதும் கேட்டுவிட்டு, பிறகு தண்ணீர் கலந்த பாலை ஊற்றிவிட்டுப் போவார். அந்த நாட்களில்தான் ஜப்பான்காரர் வந்தார். பட்டு டிசைன் பார்க்கிற கம்பெனி ஆள். ஆடி மாதத்திலும் ஒருமுறை வந்து ஜவுளிக்காரர் வீட்டு மாடியில் தங்கிப்போயிருந்தார். இந்த முறை தோளில் ஒரு டேப் ரிக்கார்டரோடு வந்து, தறிச் சத்தம், கோயில் மணி, வண்டி மாடு என்று கண்டதையெல்லாம் பதிவு செய்துகொண்டிருந்தார். எங்கள் கோஷ்டி அந்த வீட்டைத் தாண்டும்போது வாசலுக்கு வந்தார். கருடன் பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவர் முகத்தில் முதலில் ஒரு திகைப்பு. பிறகு சிரிப்பு. பிறகு எங்களைப் பார்த்து இடுப்புவரை குனிந்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், அவர் வாய் அசைந்தது. கூடவே பாடினார். மெட்டு ஒரு இடத்திலும் தப்பவில்லை.

முதல் தடவை கேட்கிற பாட்டை இப்படிப் பிடித்துக்கொண்டாரே, என்ன ஞானம், என்ன மூளை, அதனால்தான் அந்த நாடு முன்னேறுகிறது என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். தலைவர் நெகிழ்ந்துபோய் அவருக்குத் தொன்னையில் இரண்டு கரண்டி வெண்பொங்கல் சேர்த்து வைக்கச் சொன்னார்.

தை பிறந்தது. தலைவர் என் அப்பாவிடம் பெண் கொடுப்பதாகச் சொல்லியனுப்பினார். அப்பா தறியை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். இவனுக்கா என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. பெருமாளே மெட்டு எடுத்துக் கொடுத்த பிள்ளை என்று தெரு சொன்னது. நானும் மறுக்கவில்லை. பெருமாள் சொல்லும்போது நான் சும்மா வாங்கிக்கொண்டேன் என்று அடக்கமாகச் சொல்லிக்கொண்டேன். தாம்பூலம் மாற்றினார்கள். பங்குனியில் கல்யாணம்.

மாசியில் ஒருநாள் ரேடியோ கடைக்குப் போனேன். கடைக்காரன் என் சிநேகிதன், பாய். ரேடியோ பழுதுபார்ப்பான், கல்யாணங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுவான். யாருடைய ரேடியோவையோ திறந்து வைத்துக்கொண்டு சிற்றலையில் முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தான். புயல் மாதிரி இரைச்சல், நடுவில் ஏதேதோ பாஷைகள். திடீரென்று இரைச்சல் விலகி, தெளிவாக, ஒரு ஆண் குரல் என் பாட்டைப் பாடியது.

பாய் கையை எடுத்தான். இரண்டு பேரும் ரேடியோவின் வயிற்றுக்குள் பார்த்தோம், அங்கே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல.

“தோஸ்து, இது உங்க கருடன் பாட்டாச்சேபா. பெருமாள் எந்த ஊருக்குப் போயிருக்கறாரு?”

பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்கு அதில் ஜப்பான் என்ற ஒரு சொல்தான் புரிந்தது. உடனே அதே மெட்டு இங்கிலீஷில், ஒரு பெண் குரலில், கிட்டாரோடு வந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டேப் ரிக்கார்டர். பொங்கல் வாங்கித் தின்றுவிட்டு, டேப்பை ஊருக்குக் கொண்டுபோய், பாட்டாகப் போட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு இங்கிலீஷ்காரனுக்கு வேறு பங்கு.

அந்த வாரம்தான் என் மார்பு முன்னால் போன வாரம். ஜப்பான் பிரதமருக்கு என்ன எழுதலாம் என்று தறியில் உட்கார்ந்து யோசித்தேன். கண்டிப்பாக எழுதலாமா, பெருந்தன்மையாக எழுதலாமா? கடைசியில் பெருந்தன்மை என்று முடிவு செய்தேன். பாட்டை வைத்துக்கொள்ளுங்கள், என் பெயரைப் போட்டால் போதும். முடிந்தால் ஒரு டிரான்சிஸ்டர்.

அடுத்த வாரம் பாயின் மச்சான் மெட்ராஸிலிருந்து வந்தார். துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற கம்பெனியில் வேலை. கப்பல்காரர்களிடம் வாங்கிய ரிக்கார்டுகளைக் கொண்டுவந்து பாயிடம் கொடுப்பார். அந்த முறை கொண்டுவந்ததில் ஜப்பான் பாட்டும் இருந்தது. பாய் போட்டான். நான் மச்சானிடம் என் சரித்திரத்தைப் பெருமையோடு சொன்னேன். அவர் நல்ல மனிதர். சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, தன் மூத்த பையன் பிறந்த வருஷத்திலேயே கப்பல்களில் இந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்றார். ஊரை விட்டுப் போன பெண் திரும்பி வருவாள் என்று, மழையில் குடையோடு டிராம் வண்டிக்காகக் காத்திருக்கிற ஒருவன் பாடுகிற பாட்டு அது, அர்த்தத்தை ஒரு மாலுமி தனக்குச் சொன்னான் என்றார்.

“பையன் இப்ப இன்னா பண்றான்?” என்று கேட்டேன்.

“ரெண்டாவது படிக்கறான்.”

நான் கணக்குப் போட்டேன். என் மெட்டு பிறந்து நாலு மாதம். அந்தப் பையனோ ரெண்டாவது படிக்கிறான். ஜப்பான்காரர் எப்படி உடனே கூடச் சேர்ந்து பாடினார் என்பது அப்போது புரிந்தது. ஏன் குனிந்தார் என்பதும் புரிந்தது. பாவம், சிரிப்பை மறைக்கக் குனிந்திருக்கிறார். அப்படியானால் திருடியது யார்? கடையில் இருந்த கண்ணாடியில் பார்த்தேன். திருடனுக்கு வேர்த்திருந்தது.

ஜப்பானுக்கு நான் பயப்படவில்லை. ஜப்பான் தூரத்தில் இருக்கிறது. தலைவர் நாலு வீடு தள்ளி இருந்தார். பெருமாளுக்கு நேராக, ஒரு மாதம் முழுக்க, டிராமுக்குக் காத்திருக்கிறவனின் காதல் பாட்டைப் பாட வைத்திருக்கிறேன். தம்பி பாடியதற்கே அண்ணனுக்குப் பெண் இல்லை என்றால், நானே பாடியதற்கு எனக்கு என்ன கிடைக்கும்? ராட்டினம் இனி வேறு யாருக்கோ மெதுவாகும்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே உத்தியோகம்: தலைவர் காதில் அந்தப் பாட்டு விழாமல் பார்த்துக்கொள்வது. அவர் வீட்டில் ரேடியோ இல்லை. ஆனால் நகராட்சிப் பூங்காவில் ஒலிபெருக்கி கட்டி மாலையில் ரேடியோ வைப்பார்கள், அவர் அங்கே போய் உட்காருவார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். பாட்டு ஆரம்பிக்கும்போதெல்லாம் ஏதாவது பேச்சுக் கொடுப்பேன். நூல் விலை, தாமல் ஏரியில் தண்ணீர் எவ்வளவு, கோயில் யானைக்குக் கால் வலி. அந்த ரேடியோவில் மெட்ராஸ் நிலையத்தைத் தவிர எதுவும் வைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். விவசாயிகள் நிகழ்ச்சியில் உரம் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஜப்பான் பாட்டு எப்படி வரும்? தெரிந்தாலும் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை நம்மை விட்டுப் பிரிவதே இல்லை என்று தலைவர் வீட்டில் பெருமையாகச் சொன்னாராம்.

பூங்காவைக் காவல் காத்துக்கொண்டிருந்தபோது பாட்டு வேறு வழியாக வந்தது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண ஊர்வலம். நானும் தலைவரும் போயிருந்தோம். மெட்ராஸிலிருந்து பேண்டு செட் வரவழைத்திருந்தார்கள். சிவப்புக் கோட்டு போட்ட கிளாரினெட்காரர் ஒருவர் மெழுகு போட்ட மீசையோடு முன்னால் நின்று, வேறு எந்தப் பாட்டும் கிடைக்காதவர்போல என் பாட்டை எடுத்தார். இங்கிலீஷ்காரி பாடிய அந்தத் துள்ளலோடு. நான் அவசரமாக யானையின் கால் வலியைப் பற்றி ஆரம்பித்தேன். தலைவர் என் தோளைப் பிடித்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

“மாப்ளே, நம்ப பாட்டு பேண்டு வரிக்கும் போயிடிச்சி பாத்தியா.” கண் கலங்கியிருந்தது அவருக்கு. கிளாரினெட்காரரைக் கூப்பிட்டு, தாளம் கொஞ்சம் ஓடுகிறது, இது பஜனைப் பாட்டு, நிதானமாக வாசிக்க வேண்டும் என்று திருத்தம் வேறு சொன்னார். அவர் பயந்துபோய் நிதானமாக வாசித்தார்.

சொல்ல வந்ததை விட்டு ஒரு நிமிஷம் தள்ளிப் போகிறேன். அந்தப் பாட்டின் பிள்ளைகுட்டிகளை எழுபதுகள் முழுக்க நான் சந்தித்துக்கொண்டே இருந்தேன். ஒரு தேர்தலில் ஒரு கட்சி அதில் தன் சின்னத்தை வைத்துப் பாடியது. எதிர்க்கட்சியும் அதே மெட்டில் பதில் பாடியது. ஒரு சர்க்கஸில் கரடி சைக்கிள் விடும்போது வாசித்தார்கள், கரடி தாளம் தப்பவில்லை. வெறும் கிட்டாரில், வெறும் அக்கார்டியனில், ஒரு தடவை வெறும் விசிலில் கேட்டேன். மெட்ராஸில் ஒரு பல் டாக்டர் அறையில் பிடில்கள் முப்பது நாற்பது சேர்ந்து வாசித்தது ரிக்கார்டில் ஓடியது. டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டார், நான் ஆமாம் என்றேன், அவர் இன்னும் பல்லைத் தொடவே இல்லை. எதிலும் அந்தக் குடைக்காரனின் காத்திருப்பு மிச்சமில்லை. இங்கிலீஷ் பாட்டிலேயே அவன் கடற்கரையில் நடனமாடப் போய்விட்டான். மெட்டு மட்டும் எல்லார் வீட்டிலும் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருந்தது.

இப்போது மாசிக் கடைசிக்கு வருகிறேன். ஜவுளிக்காரர் வீட்டுக்கு முன்னால் மறுபடி பாவு நீட்டியிருந்தோம். ஒரு முனைக் கயிற்றை நான் இழுத்துப் பிடித்திருந்தேன். அப்பாவும் இன்னும் மூன்று பேரும் இழை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். மாடியில் ஜவுளிக்காரரின் பேரக்குழந்தை அழுதது. யாரோ கிறீச் கிறீச் என்று எதற்கோ சாவி கொடுத்தார்கள். பிறகு சன்னமாக, ஸ்பூனால் கிண்ணத்தைத் தட்டினதுபோல, அந்த மெட்டு வந்தது. ஏறி, நின்று, யோசித்து, இறங்கியது. குழந்தை அழுகையை நிறுத்தியது.

மற்றவர்கள் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் ஒரு சின்னப் பெட்டி. மூடி திறந்திருந்தது. உள்ளே குடை பிடித்த பொம்மை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஆடி மாதத்தில் வந்த ஜப்பான்காரர் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். குழந்தைக்குக் கஞ்சி ஊட்டுவதற்காகத் தினமும் விடியற்காலையில் வைப்பார்களாம். ஐப்பசியில் அதற்குக் கீழேதான் நான் இழை ஒதுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். சாமி கொடுத்த மெட்டு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டது, சாவி கொடுத்த மெட்டு.

இந்த ஞானோதயத்தில் கயிற்றை விட்டுவிட்டேன். பாவு முழுதும் தொய்ந்து நடுத்தெருவில் உட்காரப் போனது. நாலு பேர் பாய்ந்து தாங்கிப் பிடித்தார்கள். அப்பா என்னைச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கல்யாண மயக்கம் என்று மற்றவர்கள் சமாதானம் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைவர் வீட்டுப் பாவை அவருடைய ஆட்கள்தான் அங்கே நீட்டுவார்கள்; ஒருநாள் அவரே வந்தால் போதும், குழந்தை அழுதால் போதும். ஒரு குழந்தையின் பசியில் என் கல்யாணம் தொங்குகிறது. பெட்டியைத் திருடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். மெட்டைத் திருடியவனுக்குப் பெட்டி ஒரு பொருட்டா? பாயிடம் கேட்டேன். குழந்தை பட்டினி கிடக்குமே என்றான். அதோடு அந்த யோசனை நின்றது. தலைவரிடம் நானே சொல்லிவிடலாம் என்று பலமுறை அவர் வீடுவரை போவேன். உள்ளே ராட்டினச் சத்தம் கேட்கும். யானைக்கு இன்னும் கால் வலிதான் என்று சொல்லிவிட்டுத் திரும்புவேன்.

ஒருநாள் மதியம் சாயம் போட்ட பட்டு நூலை வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். ரேடியோ கடை இருக்கிற திருப்பத்துக்கு இந்தப் பக்கமே எனக்குக் கேட்டது. ஜப்பான் பாட்டு. ரேடியோவில் இல்லை, வாசலில் வைத்திருந்த ஒலிபெருக்கிக் குழாயில், தெருவுக்கே கேட்கும்படி. ஓடினேன். பாய் தொழுகைக்குப் போயிருந்தான். மறுபடி ஊருக்கு வந்திருந்த மச்சான் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூலில் தலைவர் உட்கார்ந்திருந்தார். பிற்பாடு தெரிந்தது: கல்யாணத்துக்கு மைக் செட் பேச வந்தவர், குழாய் நன்றாகப் பாடுகிறதா, ஏதாவது ஒன்று போட்டுக் காட்டு என்று கேட்டிருக்கிறார். மச்சானுக்கு அவர் யாரென்று தெரியாது. கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டார்.

தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நூல் மூட்டையோடு நின்றேன். ஜப்பான்காரன் அவசரமே இல்லாமல் பாடினான். அவனுக்கென்ன, அவனுக்கு டிராம் வரவில்லை, அவ்வளவுதான்.

முடிந்ததும் தலைவர் கண்ணைத் திறந்தார்.

“மாப்ளே, இவன் யாரு?”

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். பெட்டி, பொம்மை, குழந்தைக் கஞ்சி, டேப் ரிக்கார்டர், மச்சானின் பையன் ரெண்டாவது படிப்பது. கடைசியாக, தாம்பூலத் தட்டைத் திருப்பிக் கொடுக்க அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றும் சொன்னேன். மச்சான் எனக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

தலைவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார்.

“இது எந்தப் படத்துல வருது?”

“படம் எல்லாம் இல்லீங்க. வெறும் பாட்டு. ரிக்கார்டுக்குன்னு பாடனது.”

“சினிமா இல்ல?”

“இல்லீங்க.”

“அப்ப இன்னா,” என்றார் என்னிடம். “சினிமா இல்லன்னா பாடலாம். மோகனம்தான். ஆனா ரெண்டாவது அடியில இழுத்துக்கினு போறான், நம்ப கோயில் மேளக்காரன் மாதிரியே.”

எனக்குப் புரியவில்லை. கல்யாணம் என்று ஆரம்பித்தேன். வாலாஜாபாத் சம்பந்தம் மெட்டுக்காகத்தானே நின்றது என்று கேட்டேன்.

“யார் சொன்னது? வாலாஜாபாத் தூரம், பொண்ண அனுப்ப மாட்டேன்னு அவ அம்மா ஒத்தக் கால்ல நின்னா. அதான் நின்னுது.”

“அப்ப எனக்கு ஏன் மாமா குடுத்தீங்க?”

“நீ நாலு வூடு தள்ளி இருக்கறே.”

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மைக் செட்டுக்கு வாடகை பேச ஆரம்பித்தார். குழாய் இரண்டா மூன்றா என்று மச்சானோடு இழுத்துக்கொண்டிருந்தார். நான் நூல் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

பங்குனியில் கல்யாணம் நடந்தது. மாமியார் மறுநாள் காலை காப்பி நேரத்துக்கே வந்துவிட்டார்.